கோல்டு ரூம் அலாரம் பாக்ஸ் செட் பண்றவங்க அடிக்கடி கேக்கற கேள்விங்க

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் மீன் கோல்டு ரூம், ஐஸ் பிளான்ட், ஐஸ்கிரீம் குடோன் வச்சிருக்கவங்க நிறைய பேர் இப்ப டெம்பரேச்சர் அலாரம் பாக்ஸ் மாட்டுறாங்க. மாட்டி செட்டிங் போட்டு குடுக்கற வேலை தான் நமக்கு, போற எடத்துல எல்லாம் அதே சந்தேகம் தான் வருது, போன்லயும் அதே தான். அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி கீழ பதில் போட்டிருக்கேன். கம்பெனிக்கு கம்பெனி மெனு பேரு மாறும், விஷயம் ஒண்ணு தான்.

இந்த பாக்ஸ் இன்னா பண்ணும்ணா? கேமரா மாதிரி எப்பவும் பாத்துகினே இருக்கணுமா?

தேவையில்ல. உள்ள ஒரு சின்ன போர்டு, சிம் இல்லன்னா வைஃபை, ஒரு பேட்டரி இருக்கும், வெளிய சென்சார் வயருங்க போகும். சென்சார் சொல்றத அது விடாம படிச்சுகிட்டே இருக்கும், நீங்க போட்ட அளவ தாண்டுனா போன் பண்ணும், மெசேஜ் அனுப்பும், சைரன் மாட்டியிருந்தா அடிக்கும். கிராஃப் பாக்கறது, ரிப்போர்ட் எடுக்கறது எல்லாம் அப்புறம்.

ஆனா பாக்ஸ் மீனை காப்பாத்தாது, ராத்திரி எழுந்து போற ஆள் தான் காப்பாத்தணும். ஓனர் அண்ணா நகர்ல, சாவி வாட்ச்மேன்கிட்ட, ஏசி மெக்கானிக் செங்குன்றத்துலன்னா யாருக்கு மொதல்ல போன் போகணும், அவரு எவ்ளோ நேரத்துல வந்து சேருவாருன்னு மொதல்ல பேசி முடிச்சிருங்க. செட்டிங்கே அதுல இருந்து தான் ஆரம்பிக்குது.

ஃப்ரோசன் மீன் மைனஸ் 18ல தான இருக்கணும், அப்ப மைனஸ் 18லயே அலாரம் வச்சிட்டா போச்சு இல்ல?

வச்சீங்கன்னா தினமும் அடிக்கும். மைனஸ் 18ங்கறது சரக்கு இருக்க வேண்டிய அளவு, சென்சார் படிக்கறது ரூம் காத்து. கம்ப்ரசர் ஓடும் நிக்கும், அதுக்கேத்த மாதிரி காத்து ரெண்டு மூணு டிகிரி ஏறி எறங்கிட்டே தான் இருக்கும், ஆனா உள்ள பெட்டி பெட்டியா அடுக்கி வச்ச மீனு அவ்ளோ சீக்கிரம் மாறாது.

மொதல்ல ரெண்டு நாள் அலாரம் இல்லாம ஓட விட்டு கிராஃப் பாருங்க. மைனஸ் 21ல இருந்து மைனஸ் 18 வரைக்கும் போய் வருது, டிஃப்ராஸ்ட் அப்ப (கூலர்ல கட்டுன ஐஸ கரைக்கற நேரம்) மட்டும் மைனஸ் 13 தொடுதுன்னு வைங்க. அப்ப மைனஸ் 15 தாண்டி 45 நிமிஷம் இருந்தா எச்சரிக்கை மெசேஜ், மைனஸ் 10 தாண்டி 5 நிமிஷம் இருந்தா நேரா போன் கால், இப்படி ரெண்டு படியா போடுங்க. ஐஸ் போட்டு வைக்கற பச்சை மீன் ரூமுக்கு 0 முதல் 4 தான் அளவு, அதுல கீழயும் ஒரு லிமிட் வேணும், ரொம்ப குளிர்ந்து உறைஞ்சா மீனோட சதையே கெட்டுடும். மருந்து, தடுப்பூசி வைக்கறவங்களுக்கு 2 முதல் 8, அங்க மேல கீழ ரெண்டுமே கட்டாயம்.

சென்சார எங்க மாட்டணும்? கதவாண்ட மாட்டுனா வயர் கம்மியா போகும் இல்ல?

வயர் கம்மியா போகும், அலாரம் ஜாஸ்தியா வரும். கதவ தொறக்கற ஒவ்வொரு வாட்டியும் வெளிக்காத்து நேரா சென்சார் மேல தான் அடிக்கும். கூலர் ஃபேனுக்கு நேர் முன்னாடியும் வேணாம், அங்க எப்பவும் ரூம விட குளிர்ச்சியா காட்டும், அத நம்பிட்டு இருந்தா மூலைல இருக்கற சரக்கு எளகறது தெரியவே தெரியாது. ஃபேனுக்கு எதிர் பக்கம், பெட்டி அடுக்கற உயரத்துல, ட்ராலி இடிக்காத எடமா பாத்து மாட்டுங்க. பெரிய ரூம்னா ரெண்டு சென்சார்.

வயர கதவு ரப்பர் வழியா மட்டும் உள்ள விடாதீங்க. கொஞ்ச நாள்ல வயர் நசுங்கி அந்த எடத்துல ஐஸ் கட்டும், ரப்பர் சரியா மூடாது, அந்த சந்துலயே குளிர்ச்சி போய்கிட்டு இருக்கும். பேனல்ல சின்ன ஓட்டை போட்டு வயர விட்டு ரெண்டு பக்கமும் சிலிகான் அடைச்சிருங்க.

தெனம் ராத்திரி ஒரே டைமுக்கு அலாரம் வருது, போய் பாத்தா எல்லாம் சரியா கீது. பாக்ஸ் கெட்டுப்போச்சா?

இல்ல, அது டிஃப்ராஸ்ட். கூலர் காயில்ல ஐஸ் கட்டுறத கரைக்க கன்ட்ரோலர் ஒரு நாளைக்கு சில வாட்டி ஹீட்டர் போடும், பொதுவா 20, 30 நிமிஷம். அப்ப ரூம் காத்து ஏறும், முடிஞ்சதும் எறங்கிடும். ஒரே நேரத்துக்கு வருதுங்கறதே அதுக்கு அடையாளம்.

இதுக்கு லிமிட்ட தூக்காதீங்க, டிலேய (அளவ தாண்டி எவ்ளோ நிமிஷம் கழிச்சு அலாரம் வரணுங்கறத) கூட்டுங்க. லிமிட்ட தூக்கிட்டீங்கன்னா நெஜமாவே கம்ப்ரசர் நின்னா கூட லேட்டா தான் தெரியும். டிஃப்ராஸ்ட் முடிஞ்சு பழைய அளவுக்கு வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கிராஃப்ல பாத்து, அதுக்கு மேல ஒரு 10 நிமிஷம் சேத்து டிலே போடுங்க. மேல சொன்ன ரெண்டாவது படி இருக்கறதுனால பெரிய பிரச்சனைன்னா அது சீக்கிரமே கூப்டும். டிஃப்ராஸ்ட் நேரம் வர வர நீண்டுகிட்டே போகுதுன்னா மட்டும் மெக்கானிக்க கூப்டுங்க, ஹீட்டரோ, டிஃப்ராஸ்ட்ட நிறுத்தற டெர்மினேஷன் சென்சாரோ வீக்கா இருக்கலாம்.

நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ், அலாரம், நார்மல், அலாரம், நார்மல்னு வந்துகிட்டே இருக்கு, போன தூக்கி எறியலாம் போல இருக்கு

லிமிட் மேலயே டெம்பரேச்சர் ஊசலாடுது. மைனஸ் 14.9 ஆனா அலாரம், மைனஸ் 15.1 ஆனா நார்மல். மெனுல ஹிஸ்டெரிசிஸ்னோ டெட்பேண்டுன்னோ ஒண்ணு இருக்கும், அத 2 டிகிரி போடுங்க. அப்ப மைனஸ் 15ல அடிச்ச அலாரம் மைனஸ் 17க்கு எறங்குனா தான் முடியும். ரிப்பீட் டைம்னு இருந்தா அத 15 நிமிஷம் ஆக்குங்க.

இத உடனே பண்ணுங்க. இப்படி மெசேஜ் வந்தா ரெண்டே நாள்ல நீங்களே மியூட் பண்ணிடுவீங்க, அப்புறம் பாக்ஸ் இருந்தும் ஒண்ணு தான் இல்லாததும் ஒண்ணு தான். கண்டதுக்கும் அடிக்கற பாக்ஸ் தான் அலாரமே இல்லாத ரூம விட மோசம்னு நான் நெனைக்கறேன், ஏன்னா இல்லாத ரூமுக்காவது மனுஷன் போய் போய் பாப்பான்.

டிஸ்ப்ளேல மைனஸ் 127னு காட்டுது, ஆனா அலாரம் வரல. எப்படி?

முக்கியமான கேள்வி இது. நிறைய பாக்ஸ்ல வர்ற சின்ன ஸ்டீல் குச்சி சென்சாரு டிஎஸ்18பி20. அது அளக்கறதே மைனஸ் 55 முதல் பிளஸ் 125 வரைக்கும் தான். வயர் அறுந்தாலோ கழண்டாலோ போர்டுல பல நேரம் மைனஸ் 127னு ஒரு நம்பர் வரும். கரண்ட் வந்து மொத ரீடிங் எடுக்கறதுக்குள்ள படிச்சா 85னு வரும். ரெண்டும் டெம்பரேச்சரே கெடையாது.

நீங்க மேல் லிமிட் மட்டும் போட்டிருக்கீங்க, மைனஸ் 127ங்கறது அதுக்கு ரொம்ப ரொம்ப கீழ, அதனால பாக்ஸ் கணக்குல ரூம் சூப்பரா இருக்கு. மீனு கரைஞ்சு தண்ணி ஓடுனா கூட அது நார்மல்னு தான் சொல்லும். என்டிசிங்கற இன்னொரு வகை சென்சார்லயும் வயர் அறுந்தா ரொம்ப குளிர்னு தான் காட்டும், பிடி100ங்கற வகைல தலைகீழ, ரொம்ப சூடுன்னு காட்டும். அதனால சென்சார் ஃபால்ட் அலாரம்னு தனியா இருந்தா ஆன் பண்ணுங்க, இல்லன்னா கீழ் லிமிட் மைனஸ் 35 மாதிரி ஒண்ணு கண்டிப்பா போடுங்க. மாட்டின அன்னிக்கே சென்சார் வயர புடுங்கி பாருங்க, போன் வரணும். வரலன்னா செட்டிங் முடியலன்னு அர்த்தம்.

கதவு சென்சார்ல என்ஓ, என்சின்னு ரெண்டு இருக்கே, எதுல குடுக்கறது?

என்சி, அதாவது நார்மலி குளோஸ்ட் (என்ஓன்னா நார்மலி ஓபன்). நார்மலா இருக்கும்போது சர்க்யூட் மூடியே இருக்கும், கதவு தொறந்தா கட் ஆகும், வயர எலி கடிச்சாலும் கட் ஆகும், ரெண்டுக்கும் அலாரம் வரும். என்ஓல குடுத்தா எலி கடிச்சது யாருக்கும் தெரியாது. போன பதில்ல சொன்ன அதே கதை தான். காந்தம் வச்ச ரீட் சென்சார்ல பாக்கெட் மேல போட்டிருக்க எழுத்த நம்பாதீங்க, சில கம்பெனி காந்தம் பக்கத்துல இருக்கும்போதுன்னு எழுதும், சிலது தள்ளி இருக்கும்போதுன்னு எழுதும், மல்டிமீட்டர்ல பீப் வச்சு பாத்துட்டு குடுங்க. சரக்கு ஏத்தற எடம்னா டிலே 5 நிமிஷம் வைங்க.

மெசேஜ் கரெக்டா வந்திருக்கு, காலைல தான் பாத்தேன். இதுக்கு இன்னா பண்றது?

ராத்திரிக்கு மெசேஜ நம்பாதீங்க, கால் வர்ற மாதிரி வைங்க. பாக்ஸ்ல இருக்கற சிம் நம்பர கான்டாக்ட்ல சேவ் பண்ணி ஸ்டார் போட்டு, டூ நாட் டிஸ்டர்ப்ல ஸ்டார் போட்ட நம்பர் மட்டும் அடிக்கலாம்னு குடுத்துருங்க. ஆப் நோட்டிஃபிகேஷன் மட்டும் தான்னா போன் செட்டிங்ல அந்த ஆப்புக்கு பேட்டரி சேவிங் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ஆண்ட்ராய்டு போன் ராத்திரில ஆப்ப தூங்க வச்சிடும்.

அப்புறம் ஒரே ஆளுக்கு மட்டும் போடாதீங்க. மொதல்ல வாட்ச்மேன், 5 நிமிஷத்துல யாரும் அக்னாலெட்ஜ் பண்ணலன்னா (பாத்துட்டேன்னு பதில் குடுக்கலன்னா) சூப்பர்வைசர், அதுக்கப்புறம் ஓனர். எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்புனா அவரு பாத்திருப்பாரு இவரு பாத்திருப்பாருன்னு எல்லாரும் படுத்துடுவாங்க. மெசேஜ்ல மொத வார்த்தையே ரூம் பேரா இருக்கட்டும். தமிழ்ல டைப் பண்ணா ஒரு எஸ்எம்எஸ்ல 70 எழுத்து தான் புடிக்கும், இங்கிலீஷ்ல 160, அதனால "ரூம் 2 சூடு மைனஸ் 9" அவ்ளோ தான், வணக்கம் எல்லாம் வேணாம்.

எந்த சிம் போடலாம்? ஜியோ போட்டேன், டவரே எடுக்கல

பாக்ஸ்ல இருக்கறது 2ஜி மாடம்னா ஜியோ எடுக்காது, ஜியோவுக்கு 2ஜியே கெடையாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் போடலாம். புதுசா வாங்கறவங்க 4ஜி மாடம் இருக்கற பாக்ஸா வாங்குங்க. கோல்டு ரூம் பேனல்ல தகரம் இருக்கு, பாக்ஸயோ ஆன்டெனாவையோ உள்ள வச்சா சிக்னல் வராது, வெளிய வைங்க.

சிம்முக்கு ரீசார்ஜ் முடியறது தான் பெரிய எமன். யாரும் அந்த சிம்ம போன்ல வச்சு பாக்கறதில்ல, வேலிடிட்டி முடிஞ்சதே தெரியாது. வருஷ பிளான் போட்டு முடியற தேதிய பாக்ஸ் மூடி மேல மார்க்கர்ல எழுதி வைங்க. மெஷினுக்குன்னு வர்ற 13 இலக்க நம்பர் சிம் வாங்குனா, அதுல கால், எஸ்எம்எஸ் போகுமா, எந்தெந்த நம்பருக்கு போகும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, சிலதுல டேட்டா மட்டும் தான்.

கரண்ட் போச்சுன்னா பாக்ஸும் தான போயிடும்?

உள்ள பேட்டரி இருந்தா போகாது, கரண்ட் போனதையே மொத அலாரமா அனுப்பும். ஈபி அடிக்கடி போயி வர்ற ஏரியான்னா 5 நிமிஷம் டிலே வைங்க. ஒரு விஷயம் பாத்துக்கங்க, லைட் லைனும் கம்ப்ரசர் லைனும் வேற வேறன்னா பாக்ஸ் லைட் லைன்ல இருக்கும், கம்ப்ரசர் 3 ஃபேஸ்ல ஒரு ஃபேஸ் போய் நின்னிருக்கும், பாக்ஸ் கரண்ட் இருக்குன்னு சொல்லும். கம்ப்ரசர் பக்கம் ஃபேஸ் ஃபெயிலியர் ரிலேல (ஒரு ஃபேஸ் போனா கண்டுபுடிக்கற ஸ்விட்ச்) ஒரு கான்டாக்ட் இருக்கும், எலக்ட்ரீஷியன வச்சு அத பாக்ஸுக்கு இழுங்க.

வைஃபை பாக்ஸ்னா ரவுட்டருக்கும் சின்ன யுபிஎஸ் வேணும், ரவுட்டர் அணைஞ்சா பாக்ஸ் உயிரோட இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அப்ப பாக்ஸே செத்துட்டா, இல்ல நெட்டே இல்லன்னா எனக்கு எப்படி தெரியும்?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப நம்ம பக்கம் கரண்ட் நாள் கணக்கா இல்ல, டவரும் பல எடத்துல படுத்துடுச்சு. அந்த மாதிரி நேரத்துல பாக்ஸ் உங்கள கூப்டவே முடியாது. போன் வரலங்கறதுக்கு ரூம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, அத மட்டும் மனசுல வச்சுக்கங்க.

இதுக்கு ரெண்டு வழி. கிளவுட் சர்வர் இருக்கற பாக்ஸ்னா சர்வர் பக்கம் "டேட்டா வரல" அலாரம் இருக்கும், 15 நிமிஷமா பாக்ஸ்கிட்ட இருந்து ஒண்ணும் வரலன்னா சர்வரே உங்கள கூப்டும். அத பாக்ஸ்ல தேடாதீங்க, வெப்சைட் அக்கவுண்ட் செட்டிங்ல இருக்கும், பல பேர் ஆன் பண்றதே இல்ல. சிம் மட்டும் இருக்கற சாதா பாக்ஸ்னா தினமும் ராத்திரி 9 மணிக்கு ஒரு நெலவர மெசேஜ் அனுப்ப சொல்லுங்க, அது வரலன்னா தூங்கறதுக்கு முன்னாடி ஒரு எட்டு போய் பாருங்க.

அலாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துச்சு, ரிப்போர்ட்ல சாயங்காலம் எட்டரைன்னு இருக்கு

டைம் ஸோன் போடல. பாக்ஸ் ஜிஎம்டி டைம்ல (உலகப் பொது நேரம்) ஓடுது, நம்மளது அஞ்சரை மணி நேரம் முன்னாடி. பிளஸ் 5:30 போடுங்க. சில பாக்ஸ்ல முழு மணி மட்டும் தான் எடுக்கும், அப்ப அரை மணி வித்தியாசம்னு ஞாபகம் வச்சுக்கங்க. ராத்திரி டிலே ஒண்ணு பகல் டிலே ஒண்ணுன்னு ஷெட்யூல் போட்டிருந்தா அதுவும் தப்பா தான் ஓடிட்டிருக்கும், சேத்து செக் பண்ணுங்க.

ஹார்பர் பக்கத்துல கீறோம், போர்டு ஆறே மாசத்துல பூத்துடுது

உப்புக்காத்து. மூடிய தொறந்து பாருங்க, டெர்மினல் ஸ்க்ரூவுக்குள்ள செம்பு வயர் பச்சையா பூத்து தொட்டா உதிரும். ஸ்க்ரூ பாக்க டைட்டா தான் இருக்கும், ஆனா ரீடிங் குதிக்கும், மழை நாள்ல ஜாஸ்தியா குதிக்கும். ஐபி65 பாக்ஸ் (தூசியும் தண்ணியும் போகாத வகை) வாங்குங்க, வயர் எல்லாம் அடிப்பக்கம் கிளாண்டு (வயர சுத்தி இறுக்கற மூடி) வழியா வரட்டும், மேல ஓட்டை போட்டா தண்ணி உள்ள எறங்கும். வயர் பாக்ஸுக்கு கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறுற மாதிரி விட்டா தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். வயர் முனைக்கு ஃபெரூல் (சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்தி கிரிம்ப் பண்ணுங்க, கிளாண்டு இல்லாத ஓட்டைய அடைச்சிருங்க. வெள்ளம் ஏறுற தெருன்னா ஆள் உயரத்துக்கு மேல மாட்டுங்க.

4-20 சென்சார் போட்டோம், மைனஸ் 18க்கு பதிலா பிளஸ் 32 காட்டுது

ஸ்கேல் தப்பு. 4-20ன்னா டெம்பரேச்சர 4 முதல் 20 மில்லி ஆம்ப் கரண்டா அனுப்பற சென்சார். சென்சார் மைனஸ் 50 முதல் பிளஸ் 50 வரைக்கும்னா 4 மில்லி ஆம்ப் தான் மைனஸ் 50, 20 தான் பிளஸ் 50. பாக்ஸ்ல 0 முதல் 100னு இருந்தா எல்லாமே 50 தள்ளி காட்டும், உங்களுக்கு நடந்தது அதான். மைனஸ் 18க்கு லூப்ல 9.12 மில்லி ஆம்ப் இருக்கணும், மீட்டர்ல அது வந்தா சென்சார் நல்லா இருக்கு, ஸ்கேல மாத்துனா போதும். இந்த வகைல ஒரு நல்லது, வயர் அறுந்தா 0க்கு வந்துடும், அதனால 3.6க்கு கீழ போனா ஃபால்ட்னு போட்டுடலாம்.

ரெண்டு சென்சார் ரெண்டு மாதிரி சொல்லுது, எத நம்பறது?

ஐஸ ஒடச்சு ஒரு டம்ளர் நெறைய போட்டு கொஞ்சமா தண்ணி ஊத்தி கலக்கி, ரெண்டு குச்சியையும் நடுவுல விட்டு, டம்ளர்ல தொடாம 10 நிமிஷம் வைங்க. 0 காட்டணும், டிஎஸ்18பி20ன்னா அரை டிகிரி இப்படி அப்படி பரவால்ல. தண்ணிய விட ஐஸ் ஜாஸ்தியா இருக்கணும், உப்பு கலந்த ஐஸ் கூடாது, அது 0க்கு கீழ போயிடும், மீன் கடை ஐஸ எடுத்து பண்ணாதீங்க. ரெண்டும் சரியா காட்டுனா சென்சார்ல தப்பு இல்ல, மாட்டின எடத்துல தான் வித்தியாசம். எக்ஸ்போர்ட் சரக்குன்னா இது பத்தாது, என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கற லேப்ல அளவு சரி பாத்த கேலிபரேஷன் சர்டிஃபிகேட் கேப்பாங்க.

தடைக்காலத்துல ரூம் காலி, அலாரம் அடிச்சுகினே கீது, ஆஃப் பண்ணிடலாமா?

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கடல்ல மீன்பிடி தடை, நிறைய பேர் ரூம அணைச்சிடறாங்க. அப்ப ஆஃப் பண்ணுங்க, தப்பில்ல, ஆனா ஜூன்ல மொத போட் சரக்கு வந்து எறங்கும்போது பாக்ஸ யாரும் நெனைக்க மாட்டாங்க. மெயின்டெனன்ஸ் மோடுல தேதி போட்டு தானா ஆன் ஆகுற மாதிரி இருந்தா அத போடுங்க. இல்லன்னா டெம்பரேச்சர மட்டும் ஆஃப் பண்ணிட்டு கரண்ட் அலாரத்தையும் தினசரி மெசேஜையும் விட்டுடுங்க, பாக்ஸ் இருக்குங்கற ஞாபகம் இருந்துகிட்டே இருக்கும். சரக்கு வர்றதுக்கு முன்னாடி நாள் சென்சார் புடுங்கி பாக்கற டெஸ்ட்ட பண்ணிடுங்க.

உள்ள ஆள் மாட்டிக்கிட்டா இந்த பாக்ஸ் உதவுமா?

உதவும், ஆனா இதுக்கு தனி கவனம் வேணும். கதவுல உள்பக்கம் தொறக்கற கைப்பிடி வேலை செய்யணும், அது தான் மொத பாதுகாப்பு. அது இல்லாம பாக்ஸ மட்டும் நம்பாதீங்க. அதோட உள்ள கதவுக்கு பக்கத்துல, கீழ விழுந்து கெடக்கறவருக்கும் எட்டற உயரத்துல, இருட்டுல தெரியற மாதிரி ஒரு ஸ்விட்ச். என்சில வயர் பண்ணுங்க. இதுக்கு டிலே 0, ஷெட்யூல் கெடையாது, எந்த மோடுலயும் ஆஃப் ஆகக் கூடாது. மெசேஜ் மட்டும் போதாது, வெளிய சைரன் அடிக்கணும், பக்கத்து கடைக்காரர் தான் மொதல்ல ஓடி வருவாரு.

அமோனியா பிளான்ட்டுக்கு கேஸ் சென்சாரும் இதுலயே மாட்டலாமா, லிமிட் என்ன?

மாட்டலாம். 8 மணி நேரம் வேலை செய்யற எடத்துக்கு 25 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல 25 பங்கு), கொஞ்ச நேரத்துக்குன்னா 35 பிபிஎம் வரைக்கும்னு பாதுகாப்பு அளவு இருக்கு, 300 உயிருக்கே ஆபத்து. அதனால 25ல மொத அலாரம், 35ல வெளிய போற சைரன். மத்த எல்லாத்துக்கும் சொன்ன நீள டிலே இங்க கூடவே கூடாது. அமோனியா காத்த விட லேசு, மேல ஏறும், சென்சார் மேல மாட்டணும். ஆர்22, ஆர்404ஏ மாதிரி கூலிங் கேஸ் காத்த விட கனம், அதுக்கு கீழ. கெமிக்கல் செல் சென்சார் ரெண்டு மூணு வருஷத்துல செத்துடும், செத்த சென்சாரும் 0 தான் காட்டும், தேதி எழுதி வச்சு மாத்துங்க.

நாத்தம் வந்தா தெரிஞ்சிடாதான்னு கேப்பாங்க, ஆனா கொஞ்ச நேரம் அதுலயே நின்னா மூக்குக்கு பழகிடும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடி பைப்ல அமோனியா கசிஞ்சப்ப தூக்கத்துல இருந்த ஜனங்க கண்ணெரிச்சல், மூச்சுத்திணறலோட வீட்ட விட்டு ஓடுனது நமக்கெல்லாம் தெரியும். சைரன் அடிச்சா யாரும் வால்வு மூட உள்ள ஓடக் கூடாது, காத்து அடிக்கற பக்கம் பாத்து அதுக்கு குறுக்கால வெளிய வந்து 101 கூப்டணும். இத பாக்ஸ் வாங்கற அன்னிக்கே லேபருக்கு அவங்க பாஷைல சொல்லுங்க, ஒடிசா பசங்க இருந்தா ஒடியாவுல.

பாக்ஸ்ல ரிலே இருக்கே, நின்னுபோன கம்ப்ரசர வீட்ல இருந்தே போன்ல ஆன் பண்ணிக்கலாமா?

ரிலே (பாக்ஸ் தானா போட்டு அணைக்கற ஸ்விட்ச்) இருக்கு, ஆனா கம்ப்ரசருக்கு குடுக்காதீங்க. ஹை பிரஷர்ல கட் ஆகி நின்னுச்சுன்னா கையால ரீசெட் பண்ற மாதிரி வச்சிருக்கறதே யாராவது நேர்ல வந்து ஏன் நின்னுச்சுன்னு பாக்கணும்னு தான். கண்டென்சர் ஃபேன் ஓடாம நின்ன மெஷின நீங்க போன்ல மறுபடி மறுபடி ஆன் பண்ணா கம்ப்ரசர் எரியும்.

அத விட பெருசு, மெக்கானிக் அந்த நேரம் பெல்ட்ல கை வச்சிருக்கலாம், அவரு வந்தது உங்களுக்கு தெரியாது. ரிலேய சைரனுக்கும் லைட்டுக்கும் குடுங்க. மெக்கானிக்கும் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஐசொலேட்டர (மெயின் ஸ்விட்ச) அணைச்சு பூட்டு போட்டு சாவிய தன் பாக்கெட்ல வச்சுக்கணும், வேலை முடிஞ்சு அவரே தான் தொறக்கணும்.